கட்டளை வேறு, நிலை வேறு: இணையச் செயலிகளில் ஒலியை ஆளும் மறுபயன்பாட்டு நிரல்

இணையப் பக்கத்தில் ஓர் ஒலியை இயக்க இரண்டு வரி நிரல் போதும். ஒலிக்கோப்பின் முகவரியைக் கொடுத்து ஓர் ஆடியோ ஆப்ஜெக்டை உருவாக்க வேண்டும். அதன் பிளே மெத்தடை, அதாவது 'ஒலிக்கத் தொடங்கு' என்ற கட்டளையை, அழைக்க வேண்டும். இந்த எளிமையே பின்னால் பெரும் தொல்லையாகிறது. பாடப் பக்கத்தில் ஒருவர், அறிவிப்பு மணிக்காக இன்னொருவர், பாட்காஸ்ட் பட்டியலுக்காக மூன்றாமவர் என்று ஆளாளுக்கு அந்த இரண்டு வரியைத் தம் தேவைக்கேற்ப எழுதிக்கொள்கிறார்கள். சில மாதங்களில் ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகள் கேட்கின்றன. பக்கம் மாறிய பின்னும் பழைய ஒலி தொடர்கிறது. ஒலி நின்றுவிட்டபோதும் பட்டன் ஓடிக்கொண்டிருப்பதாகவே காட்டுகிறது. இவற்றைத் தனித்தனிப் பிழைகளாகத் திருத்திக்கொண்டே போகலாம். ஆனால் இவற்றின் வேர் ஒன்றே. ஒலியின் நிலையை நம் நிரல் வைத்திருக்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதை வைத்திருப்பது உலாவி. பல இடங்களில் பயன்படக்கூடிய ஒலி நிரலை எழுத வேண்டுமானால், முதலில் இந்த உண்மையை நிரலின் அமைப்பிலேயே ஏற்றிவைக்க வேண்டும்.

உலாவியின் கைக்கு இந்தப் பொறுப்பு வந்தது அண்மையில்தான். நெடுங்காலம் இணையத்தில் ஒலி என்றால் ஃபிளாஷ் போன்ற ப்ளக்இன்களே (உலாவியோடு தனியாகச் சேர்க்கும் துணைநிரல்கள்). தரவிறக்குவது, டீகோட் செய்வது (சுருக்கிய கோப்பை ஒலி அலையாக விரிப்பது), ஸ்பீக்கருக்கு அனுப்புவது எல்லாம் அவற்றுக்குள்ளேயே நடந்தன. 2009 வாக்கில் முன்னணி உலாவிகளில் ஆடியோ எலிமென்ட், அதாவது ஒலிக்கென ஹெச்டிஎம்எல் தரும் பக்க உறுப்பு, இடம்பெறத் தொடங்கியது. 2014 அக்டோபரில் ஹெச்டிஎம்எல்5, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரைத் தரமானது. ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு நிறுத்தியது. இப்போது எவ்வளவு தூரம் முன்கூட்டியே தரவிறக்குவது, தொலைபேசி அழைப்பு வந்தால் ஒலியை நிறுத்துவதா, பயனர் எதையும் தொடாமலே ஒலிக்க அனுமதிப்பதா என்பவற்றையெல்லாம் உலாவியும் இயக்க அமைப்பும் முடிவு செய்கின்றன. நம் நிரல் கேட்கலாம். உடனே கிடைக்கலாம், தாமதமாகக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

பிளே என்பது வேண்டுகோள்

பொதுவாக எழுதப்படும் பிளேயர் நிரலில் 'ஓடுகிறதா' என்ற பெயரில் ஓர் உண்மை/பொய் மாறி இருக்கும். பட்டனை அழுத்தினால் அதை உண்மையாக்கிவிட்டுப் பிளேயை அழைப்பார்கள். மீண்டும் அழுத்தினால் பொய்யாக்கிவிட்டுப் பாஸை அழைப்பார்கள். நிரலாளர் தம் கணினியில் சோதிக்கும்போது இது சரியாகவே இயங்கும். ஆனால் பயனர் விசைப்பலகையில் உள்ள மீடியா விசையை அழுத்தலாம். ஃபோனின் பூட்டுத் திரையிலிருந்தே ஒலியை நிறுத்தலாம். ஹெட்ஃபோன் கழன்றதும் ஃபோனே நிறுத்தலாம். நெட்வொர்க் தடைபட்டு ஒலி அறுந்துபோகலாம். இவை எதிலும் நம் பட்டனுக்குப் பங்கில்லை. ஆகவே நம் மாறி பழைய மதிப்பிலேயே நின்றுவிடுகிறது. திரை ஒன்று சொல்ல, காது வேறொன்று கேட்கிறது.

இதற்கான மாற்று, நிலையை நாமாக எழுதிவைக்காமல் உலாவி அனுப்பும் நிகழ்வுகளிலிருந்து (நடந்ததைச் சொல்லும் அறிவிப்புகளிலிருந்து) மட்டுமே எடுத்துக்கொள்வது. பட்டனை அழுத்தினால் பிளேயை அழைக்கும் வேலை மட்டும் நடக்க வேண்டும். பட்டனின் உருவம் மாறுவது, நிகழ்வு வந்த பிறகே நடக்க வேண்டும். அப்போது பூட்டுத் திரையிலிருந்து வந்த நிறுத்தமும் நம் பட்டனிலிருந்து வந்த நிறுத்தமும் ஒரே பாதையில் வந்து சேரும். யார் நிறுத்தினார்கள் என்பது திரைக்குத் தேவையில்லாத தகவல்.

இங்கே 'பிளே', 'பிளேயிங்' என்ற இரண்டு நிகழ்வுகளின் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இடைநிறுத்தம் விலக்கப்பட்டது என்று மட்டுமே சொல்கிறது. ஒலி இன்னும் தொடங்கியிருக்கத் தேவையில்லை. இரண்டாவதே ஒலி உண்மையில் ஓடத் தொடங்கியதைச் சொல்கிறது. இடையில் தரவு தீர்ந்தால் 'வெய்ட்டிங்' வருகிறது. தரவு மீண்டதும் 'பிளேயிங்' மறுபடி வருகிறது. அந்தக் காத்திருப்பு முழுவதும் எலிமென்ட்டின் 'பாஸ்ட்' என்ற பண்பு பொய்யாகவே இருக்கும், ஒலியோ கேட்காது. ஆகவே 'ஓடுகிறது, நின்றது' என்ற இரண்டு நிலைகள் போதா. பயனர் ஓட விரும்புகிறாரா என்பது ஒரு கேள்வி, ஒலி இப்போது வருகிறதா என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கும் பிளேயரில்தான் மெதுவான இணைப்பிலும் பட்டனும் காத்திருப்புச் சின்னமும் ஒன்றையொன்று மறைக்காமல் சரியாகத் தெரியும்.

இன்னொரு நுணுக்கம், கேட்போரின் பழக்கத்தைக் கணக்கெடுக்கும் செயலிகளைத் தடுமாறவைப்பது. ஒலிக்கோப்பு முழுதாக ஓடி முடியும்போது, 'எண்டட்' நிகழ்வுக்குச் சற்று முன் 'பாஸ்' நிகழ்வும் வரும் என்பது ஹெச்டிஎம்எல் விதிமுறையிலேயே உள்ளது. 'பாஸ்' வந்ததும் 'பயனர் இடையில் நிறுத்தினார்' என்று பதிவு செய்யும் நிரல், பாடத்தைக் கடைசிவரை கேட்ட ஒவ்வொருவரையும் இடையில் விட்டுப்போனவர் பட்டியலில் சேர்த்துவிடும். 'பாஸ்' வரும்போதே எலிமென்ட்டின் 'எண்டட்' பண்பைப் பார்த்துப் பிரித்துக்கொண்டால் இது தீரும். இத்தகைய நுணுக்கங்களை ஒவ்வொரு பக்கத்திலும் நினைவில் வைத்து எழுத யாராலும் முடியாது. மறுபயன்பாட்டு நிரலின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. அது வரிகளை மிச்சப்படுத்துவதைவிட, ஒருமுறை கற்ற நுணுக்கத்தை ஓரிடத்தில் நிலைநிறுத்துகிறது.

விரைந்து தொடும் விரல்

பிளே மெத்தட் இப்போது ஒரு ப்ராமிஸை, அதாவது வெற்றியா தோல்வியா என்பதைப் பின்னர் சொல்லும் பொருளை, திருப்பித் தருகிறது. பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்பவர்களில் பலரும் தோல்வி என்றால் ஒரே வகைதான் என்று நினைக்கிறார்கள். நடப்பதை அருகில் நின்று பார்த்தால் சிக்கல் விளங்கும். பட்டியலில் பயனர் முதல் பாடலைத் தொடுகிறார். நிரல் அதன் முகவரியை எலிமென்ட்டில் வைத்துப் பிளேயை அழைக்கிறது. தரவு இன்னும் வராததால் ப்ராமிஸ் முடிவின்றி நிற்கிறது. அதற்குள் பயனர் மனம் மாறி இரண்டாம் பாடலைத் தொடுகிறார். நிரல் அதே எலிமென்ட்டில் புதிய முகவரியை வைக்கிறது. அந்தக் கணத்தில் உலாவி பழைய ஏற்றத்தைக் கைவிட்டு, முதல் ப்ராமிஸை 'அபார்ட் எரர்' என்ற பெயரில் நிராகரிக்கிறது. இரண்டாம் பாடல் நன்றாக ஒலிக்கிறது. ஆனால் முதல் ப்ராமிஸின் தோல்வியைப் பிடிக்கும் பகுதி 'பாடலை இயக்க முடியவில்லை' என்று திரையில் எழுதிவிடுகிறது, அல்லது நிலையைப் 'பிழை' என்று மாற்றிவிடுகிறது. பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது ஓடவில்லை என்று செயலி சொல்கிறது.

இதைத் தவிர்க்க இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். முதலாவது, தோல்விகளை வகை பிரித்தல். 'அபார்ட் எரர்' என்பது பயனரே முடிவை மாற்றிக்கொண்டதன் விளைவு. அதை மௌனமாக விட்டுவிடலாம். 'நாட்அலவ்ட் எரர்' என்பது உலாவி அனுமதி மறுத்தது; பட்டனைக் காட்டிப் பயனரின் தொடுதலுக்குக் காத்திருக்க வேண்டும். 'நாட்சப்போர்ட்டட் எரர்' வந்தால் அந்தக் கோப்பை அந்த உலாவியால் இயக்க முடியாது, அல்லது முகவரியே தவறு. அப்போதுதான் பயனரிடம் பிழை என்று சொல்ல வேண்டும். இரண்டாவது ஏற்பாடு, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு வரிசை எண். புதிய பாடல் கேட்கப்படும்போது எண் ஒன்று கூடும். எந்தப் பதில் வந்தாலும் அது இப்போதைய எண்ணுக்குரியதா என்று பார்த்த பிறகே நிலையை மாற்ற வேண்டும். பாடலின் முகவரியையே சர்வரிடம் கேட்டு வாங்கும் செயலிகளில் இது இன்னும் இன்றியமையாதது. ஏனெனில் அங்கே முதல் பாடலின் முகவரி, இரண்டாம் பாடலின் முகவரிக்குப் பிறகு வந்து சேரக்கூடும். எண் இல்லாவிட்டால் பயனர் கைவிட்ட பாடல், அவர் விரும்பிய பாடலை வெட்டிக்கொண்டு ஒலிக்கும்.

அனுமதி மறுப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பயனர் கேட்காமலே ஒலிக்கும் பக்கங்கள் பெருகியதால் உலாவிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. 2017இல் சஃபாரி 11, 2018 ஏப்ரலில் குரோம் 66, 2019 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 66 என இக்கட்டுப்பாடு பரவியது. ஒலி அடக்கப்பட்ட மீடியா தானாக ஓடலாம். ஒலியுடன் ஓட வேண்டுமானால் பயனர் பக்கத்தோடு ஏதாவது ஒரு வகையில் ஊடாடியிருக்க வேண்டும். குரோம், அந்தத் தளத்தில் பயனர் முன்பு எவ்வளவு மீடியா கேட்டிருக்கிறார் என்பதையும் கணக்கில் கொள்கிறது. தினமும் தம் தளத்தையே திறந்து பார்க்கும் நிரலாளருக்குத் தடையின்றி ஒலிப்பதும், முதன்முதலாக வரும் பயனருக்கு ஊமையாக இருப்பதும் இதனால்தான்.

இந்தக் கட்டுப்பாட்டைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகளைத் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இணைய அணுகுதன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை, 3 வினாடிக்கு மேல் தானாக ஒலிக்கும் எதையும் நிறுத்தவோ அதன் ஒலியளவைத் தனியாகக் குறைக்கவோ வழி வேண்டும் என்று 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே சொல்லிவிட்டது. திரைவாசிப்பான் கொண்டு பக்கத்தைக் கேட்டு அறிபவருக்கு, எதிர்பாராத ஒலி பக்கத்தையே மூடிவிடுகிறது. மறுக்கப்படுவதை இயல்பான நிலைகளுள் ஒன்றாக ஏற்று, அதற்கென ஒரு தெளிவான தோற்றத்தை வைத்திருப்பதே முறை.

ஒரே உரிமையாளர்

இதுவரை சொன்னவை ஓர் எலிமென்ட்டுக்கு உரியவை. செயலி முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஒலி எத்தனை இடங்களில் பிறக்கலாம் என்ற கேள்வி வருகிறது. கேட்பதற்கான நீண்ட ஒலிகள், அதாவது பாடல், உரை, பாடம் போன்றவை, ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓட வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லாச் செயலிகளுக்கும் பொருந்தும். ஆனால் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் தனித்தனி ஆடியோ எலிமென்ட்டை வைத்தால், ஒவ்வொன்றும் மற்றவற்றை அறியாமல் இயங்கும். அவற்றுக்கிடையே ஒழுங்கை ஏற்படுத்த, ஒவ்வொரு காம்பொனென்ட்டும் (திரையின் தனித்தனிப் பகுதியை வரையும் நிரலும்) மற்ற எல்லாவற்றுக்கும் செய்தி அனுப்ப வேண்டியதாகும். அது விரைவில் சிக்கலாகிவிடும்.

இதைவிட நல்ல அமைப்பு, செயலி முழுவதற்கும் ஒரே பிளேயரை ஒரு மாட்யூலில் உருவாக்கி வைப்பது. அதற்குள் ஒரே எலிமென்ட் இருக்கும். பட்டியல் வரிகள் எலிமென்ட்டைத் தொடுவதே இல்லை. 'இந்தப் பாடலை இயக்கு' என்று பிளேயரிடம் சொல்கின்றன, 'இப்போது எந்தப் பாடல், எந்த நிலை' என்று அதனிடமிருந்து கேட்டுத் தம்மை வரைந்துகொள்கின்றன. ஒரே எலிமென்ட்டை மறுபடி மறுபடி பயன்படுத்துவதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஐஃபோனின் சஃபாரியில் பயனரின் தொடுதலால் ஒருமுறை ஒலித்த எலிமென்ட், அடுத்த பாடலைத் தொடுதல் இல்லாமலே ஒலிக்க அனுமதி பெறுகிறது. ஒவ்வொரு பாடலுக்கும் புதிய எலிமென்ட்டை உருவாக்கினால் பட்டியல் முதல் பாடலோடு நின்றுபோகும் வாய்ப்பு அதிகம்.

ஏற்கெனவே எழுதப்பட்ட பக்கங்களில் எலிமென்ட்கள் சிதறிக் கிடந்தால், எல்லாவற்றையும் மாற்றி எழுத முடியாதபோது, ஒரு குறுக்கு வழி இருக்கிறது. மீடியா நிகழ்வுகள் மேல்நோக்கிப் பரவுவதில்லை. ஆகவே ஆவணத்தின் மேல் சாதாரணமாகச் செவிகொடுத்தால் எதுவும் கேட்காது. ஆனால் நிகழ்வு மேலிருந்து எலிமென்ட்டை நோக்கி இறங்கும் கேப்ச்சர் கட்டத்தில் செவிகொடுத்தால், எந்த எலிமென்ட்டின் 'பிளே' நிகழ்வும் ஆவணத்தைக் கடந்தே கீழே இறங்கும். அங்கே முன்பு ஓடிக்கொண்டிருந்த எலிமென்ட்டை நினைவில் வைத்து அதை நிறுத்திவிடலாம். பத்து வரிக்குள் அடங்கும் இந்த ஏற்பாடு, பக்கத்தில் பின்னர் சேர்க்கப்படும் எலிமென்ட்களுக்கும் பொருந்தும். பக்கத்தில் சேர்க்கப்படாமல் நினைவகத்தில் மட்டும் இருக்கும் ஆடியோ ஆப்ஜெக்ட்களை இது பிடிக்காது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பிளேயர் வெளியே காட்டும் முகம் சிறியதாக இருக்க வேண்டும். ஏற்று, இயக்கு, நிறுத்து, இடம் மாற்று, ஒலியளவு, வேகம் என்ற சில கட்டளைகள். இப்போதைய நிலையின் ஒரு படிவம், அதாவது அந்த நேரத்து மதிப்புகளின் தொகுப்பு. நிலை மாறும்போது அறிவிக்கச் சொல்லும் ஒரு வழி. இவை போதும். எலிமென்ட்டை அப்படியே வெளியே கொடுக்கும் பிளேயரை நான் மறுபயன்பாட்டு நிரல் என்று ஏற்கமாட்டேன். எலிமென்ட் கையில் கிடைத்தால் யாரோ ஒருவர் எங்கோ ஒரு பக்கத்தில் அதன் முகவரியை நேரடியாக மாற்றுவார். அதன்பின் வரிசை எண்ணும் பொய்க்கும், நிலையும் பொய்க்கும். அறிவிக்கும் வழிக்கு நிகழ்வுகளை அனுப்ப உலாவியே தரும் ஈவென்ட்டார்கெட் கிளாஸையே நீட்டித்துக்கொள்ளலாம். வெளி லைப்ரரி எதுவும் வேண்டாம்.

நிலையின் படிவத்தில் நேரத்தை மட்டும் தனியாக வைப்பது நல்லது. 'டைம்அப்டேட்' நிகழ்வு 15 முதல் 250 மில்லிவினாடிக்கு ஒருமுறை வரலாம் என்று விதிமுறை சொல்கிறது. அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 4 முதல் 66 முறை. நேரமும் பாடல் தலைப்பும் ஒரே படிவத்தில் இருந்தால், ஒவ்வொரு முறையும் பட்டியல் முழுவதும் மறுபடி வரையப்படும். நேரத்துக்கென ஒரு தனி வழியை வைத்து, அதை முன்னேற்றக் கோடு மட்டும் கேட்குமாறு செய்தால் அந்த வீண்வேலை இல்லை. அந்தக் கோடு வழுக்கினாற்போல் நகர வேண்டுமானால், ஒலி ஓடும்போது மட்டும், திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் நிரலை அழைக்க உதவும் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் வழியாக எலிமென்ட்டின் நேரத்தைப் படித்துக்கொள்ளலாம். நீளத்தைப் பொறுத்தவரை, மெட்டாடேட்டா (கோப்பைப் பற்றிய அடிப்படைத் தகவல்) வரும்வரை அது எண்ணே அல்லாத மதிப்பாகவும், நேரலை ஒலிபரப்பில் முடிவிலியாகவும் இருக்கும். இந்த இரண்டையும் பிளேயரே 'நீளம் தெரியாது', 'நேரலை' என்று பெயர்த்துக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு காம்பொனென்ட்டிலும் அவற்றைச் சோதிக்க வேண்டியதில்லை.

விட்டுப்போகும்போது

முழுப் பக்கத்தையும் மறுபடி ஏற்றாமல் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றும் செயலிகளில், பக்கம் மாறிய பின்னும் ஒலி தொடர்வதற்கான காரணம் பலருக்கு வியப்பளிக்கும். பக்கத்தில் இடம்பெற்றுள்ள எலிமென்ட்டை ஆவணத்திலிருந்து நீக்கினால், உலாவி அதைத் தானே நிறுத்திவிடும். ஆனால் நினைவகத்தில் மட்டும் உருவாக்கப்பட்ட ஆடியோ ஆப்ஜெக்ட் ஆவணத்தில் ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே அதிலிருந்து நீக்கப்படுவதும் இல்லை. அதைச் சுட்டும் மாறிகள் எல்லாம் மறைந்துபோனாலும், ஒலித்துக்கொண்டிருக்கும் மீடியாவை அந்தக் காரணத்துக்காக நிறுத்தக் கூடாது என்பதே விதிமுறை. காம்பொனென்ட் போய்விட்டது, அதை நிறுத்துவதற்கான பட்டனும் போய்விட்டது, ஒலி மட்டும் தொடர்கிறது. அதை நிறுத்தப் பக்கத்துக்குள் பயனருக்கு வழியில்லை.

ஆகவே பிளேயருக்கு முடிவுரை எழுதும் ஒரு மெத்தட் கட்டாயம் வேண்டும். அது முதலில் ஒலியை நிறுத்த வேண்டும். பிறகு எலிமென்ட்டின் முகவரிப் பண்பை நீக்கிவிட்டு லோட் மெத்தடை அழைக்க வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் உலாவியிடம் தரவிறக்கத்தைக் கைவிடவும் டீகோடரை விடுவிக்கவும் சொல்கிறது. தற்காலிக முகவரி கொண்டு நினைவகத்திலிருந்து ஒலித்திருந்தால் அந்த முகவரியையும் திரும்பப் பெற வேண்டும். நிகழ்வுகளுக்குச் செவிகொடுக்கும் ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவதைவிட, எல்லாவற்றையும் ஒரே அபார்ட்கன்ட்ரோலரின் சிக்னலோடு பதிவு செய்துவிட்டால், ஒரே அழைப்பில் அனைத்தும் கழன்றுவிடும். திரைகளை வரைய உதவும் ரியாக்ட் லைப்ரரியின் 18ஆம் பதிப்பில் உள்ள ஸ்ட்ரிக்ட் மோட், நிரல் உருவாக்கத்தின்போது ஒவ்வொரு எஃபெக்ட்டையும் (காம்பொனென்ட் தோன்றியதும் ஓடும் நிரல் பகுதியையும்) ஒருமுறை தொடங்கி, முடித்து, மறுபடி தொடங்கிப் பார்க்கிறது. முடிவு மெத்தட் சரியாக இல்லாத பிளேயர் அங்கேயே இரட்டைக் குரலில் பேசித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்ட்ரிக்ட் மோடைத் தொல்லை என்று அணைத்துவைப்பவர்கள் உண்டு. அணைக்காமல் இருப்பதே பயனருக்குச் செய்யும் நன்மை.

வெப் ஆடியோ வேண்டியது எப்போது

2021 ஜூனில் டபிள்யூ3சியின் பரிந்துரையான வெப் ஆடியோ ஏபிஐ (ஒலியை நிரலால் உருவாக்கவும் மாற்றவும் உலாவி தரும் வசதி), ஆடியோ எலிமென்ட்டுக்கு மாற்று அல்ல. எலிமென்ட் கோப்பைச் சிறிது சிறிதாகத் தரவிறக்கிக்கொண்டே ஒலிக்கிறது. வெப் ஆடியோவின் பஃபரோ கோப்பை முழுவதும் டீகோட் செய்து நினைவகத்தில் வைக்கிறது. 3 நிமிட ஸ்டீரியோ ஒலியை வினாடிக்கு 44,100 மாதிரிகள் வீதம், மாதிரிக்கு 4 பைட் என்று கணக்கிட்டால் 63.5 மெகாபைட் வருகிறது. எம்பி3 கோப்பாக அது சில மெகாபைட்தான் இருந்திருக்கும். ஆகவே நீண்ட ஒலிக்கு எலிமென்ட், விளையாட்டின் சத்தங்கள், விசைத் தட்டல், அறிவிப்பு மணி போன்ற குறுகிய ஒலிகளுக்குப் பஃபர் என்று பிரித்துக்கொள்வது பொருந்தும். குறுகிய ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் கேட்கலாம். அவற்றுக்கு முன் சொன்ன 'ஒரே ஒலி' விதி தேவையில்லை. அவற்றையும் நீண்ட ஒலிகளையும் ஒரே கிளாஸுக்குள் அடைக்க முயல்வதால்தான் பல பிளேயர் நிரல்கள் தேர்வுகளால் நிரம்பிப் படிக்க முடியாமல் போகின்றன. இரண்டு சிறு கிளாஸ்கள் இருக்கட்டும். அவற்றுக்குப் பொதுவான ஒலியளவை மட்டும் ஒரு மூன்றாம் பொருள் வைத்திருக்கட்டும்.

பஃபரை ஒலிக்கும் சோர்ஸ் நோடை (வெப் ஆடியோவில் ஒலி கடந்துசெல்லும் கண்ணிகளுள் ஒன்று) ஒருமுறைதான் தொடங்க முடியும். மறுபடி ஒலிக்க வேண்டுமானால் புதிய நோட் ஒன்றை உருவாக்கி அதே பஃபரை அதனிடம் கொடுக்க வேண்டும். இது குறைபாடுபோல் தோன்றினாலும், நோட் மிக இலேசானது; விலையுயர்ந்த டீகோட் வேலை பஃபரில் ஏற்கெனவே முடிந்துவிட்டது. கோப்பின் முகவரியைத் திறவுகோலாகக் கொண்டு பஃபர்களைச் சேமித்துவைக்கும் ஒரு சிறிய மேப், இங்கே மறுபயன்பாட்டு நிரலின் முதுகெலும்பு. அந்த மேப்பில் பஃபரை வைக்காமல், பஃபர் வரப்போகும் ப்ராமிஸையே வைத்துவிட்டால், ஒரே ஒலியை இரண்டு இடங்கள் ஒரே கணத்தில் கேட்டாலும் தரவிறக்கம் ஒருமுறைதான் நடக்கும். தரவிறக்கம் தோற்றால் அந்த ப்ராமிஸை மேப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு முறை நேர்ந்த தோல்வி நிரந்தரமாகிவிடும்.

ஒலியளவைப் படிப்படியாக ஏற்றி இறக்கவும் வெப் ஆடியோ உதவுகிறது. கெய்ன் (ஒலிப் பெருக்க) மதிப்பைச் சட்டென்று மாற்றினால் அலைவடிவம் முறிந்து 'டிக்' என்ற சத்தம் எழும். சில பத்து மில்லிவினாடிகளில் சரிவாக மாற்றினால் அது கேட்காது. அடுக்குக்குறிச் சரிவை (எக்ஸ்பொனென்ஷியல் ரேம்ப்) பயன்படுத்துவோர் இலக்கைப் பூஜ்யமாக வைத்தால் உலாவி பிழை எழுப்பும். ஆகவே மிகச் சிறிய எண் ஒன்றுக்கு இறக்கிவிட்டு, பிறகு பூஜ்யமாக்க வேண்டும். ஐஃபோனில் எலிமென்ட்டின் ஒலியளவை நிரலால் மாற்ற முடியாது. எப்போது படித்தாலும் 1 என்றே வரும். அங்கே ஒலியளவுக் கோட்டைக் காட்டாமல் விடுவதே நேர்மை.

எலிமென்ட்டை வெப் ஆடியோவோடு இணைக்கும்போது இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஓர் எலிமென்ட்டுக்கு அந்த இணைப்பு நோடை ஒருமுறைதான் உருவாக்கலாம்; இரண்டாம் முறை முயன்றால் பிழை வரும். ஆகவே எலிமென்ட்டையும் அதன் நோடையும் ஒரு வீக்மேப்பில் (தேவையற்றதை நினைவகத்தில் பிடித்துவைக்காத மேப்பில்) இணைத்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, கோப்பு வேறொரு தளத்தின் சர்வரிலிருந்து வந்து, அந்தச் சர்வர் கார்ஸ் அனுமதி (பிற தளங்களின் நிரல் தன் கோப்பைப் படிக்கலாம் என்ற ஒப்புதல்) தராவிட்டால், நோடிலிருந்து மௌனமே வரும். நிரலில் பிழை எதுவும் எழாது. நேரம் நகரும், 'பிளேயிங்' வரும், ஒலி மட்டும் இருக்காது. ஒலி வராததற்கான காரணத்தைத் தேடி நிரலைத் துருவுமுன் சர்வரின் பதில் தலைப்புகளைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

சர்வரைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. முன்னேற்றக் கோட்டைப் பிடித்து இழுத்தால் ஒலி அந்த இடத்துக்குப் போகாமல் தொடக்கத்துக்கே திரும்புகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம், கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்டால் 206 என்ற பதிலோடு அதை மட்டும் தரும் வசதி சர்வரில் இல்லாமையே. எவ்வளவு நல்ல பிளேயரும் இதை ஈடுசெய்ய முடியாது.

எழுதுவதா, எடுத்துக்கொள்வதா

ஹௌலர் போன்ற லைப்ரரிகள் இவற்றில் பலவற்றை ஏற்கெனவே செய்துவைத்திருக்கின்றன. ஹௌலர் இயல்பாக வெப் ஆடியோவைப் பயன்படுத்துகிறது. நீண்ட கோப்புகளுக்கு ஆடியோ எலிமென்ட்டுக்கு மாறச் சொல்லும் தேர்வையும் தருகிறது. விளையாட்டின் ஒலிகளுக்கு அது நல்ல தேர்வு. இசைக் கருவிகளையும் தாளத்தையும் நிரலால் உருவாக்குவோருக்கு டோன் என்ற லைப்ரரி இருக்கிறது. ஆனால் பாடமோ பாட்காஸ்ட்டோ ஒலிக்கும் செயலிக்கு, மேலே விவரித்த சிறிய பிளேயரை நாமே எழுதிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. லைப்ரரியைப் பயன்படுத்தினாலும் வரிசை எண், தோல்வி வகைகள், ஒரே உரிமையாளர் என்பவற்றை அதன்மேல் நாம்தான் கட்ட வேண்டியிருக்கும். அதற்குக் கீழே உள்ள அடுக்கு நமக்குத் தெரிந்ததாக இருந்தால், பிழை வரும்போது எங்கே பார்ப்பது என்று தெரியும். பூட்டுத் திரையில் தலைப்பையும் படத்தையும் காட்டும் மீடியா செஷன் ஏபிஐயையும் இந்தப் பிளேயரே கவனித்துக்கொள்ளலாம். அங்கிருந்து வரும் 'அடுத்தது', 'முந்தையது' கட்டளைகளும் பிளேயரின் அதே மெத்தட்களுக்கே போக வேண்டும்.

சோதனைக்கு வசதியாக, பிளேயர் தன் எலிமென்ட்டைத் தானே உருவாக்காமல் வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளுமாறு எழுத வேண்டும். உலாவிக்குப் பதிலாகப் பலரும் சோதனைக்குப் பயன்படுத்தும் போலி உலாவிச் சூழலான ஜேஎஸ்டாமில் பிளே மெத்தட் செயல்படுத்தப்படவே இல்லை. ஆகவே பொய்யான எலிமென்ட் ஒன்றை நாமே கொடுத்தாக வேண்டும். அந்தப் பொய் எலிமென்ட்டைக் கொண்டு, யாரும் கேட்காமலே 'பாஸ்' அனுப்பிப் பார்க்கலாம். ப்ராமிஸை நிறுத்திவைத்து இரண்டாம் பாடலைக் கேட்ட பிறகு நிராகரித்துப் பார்க்கலாம். 'எண்டட்' பண்பை உண்மையாக்கி 'பாஸ்' அனுப்பிப் பார்க்கலாம். இந்த மூன்றும் தேறினால் நிலை பற்றிய பெரும்பாலான பிழைகள் முன்கூட்டியே பிடிபடும். உண்மையான உலாவியில் தானியங்கிச் சோதனை நடத்துவோர், குரோமின் தானியங்கு ஒலித் தடையை விலக்கும் தொடக்க அமைப்பைச் சேர்த்துவிடுவது வழக்கம். அது வசதிதான், ஆனால் 'நாட்அலவ்ட் எரர்' வரும் பாதை அதனால் ஒருபோதும் சோதிக்கப்படாமல் போகிறது. அந்த அமைப்பு இல்லாமலும், தளத்தை இதற்குமுன் திறந்திராத புதிய பயனர்க் கணக்கோடும் ஒரு சுற்றுச் சோதனையைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். பக்கம் திறந்ததும் பயனரின் தொடுதலுக்குக் காத்திருக்கும் பட்டன் தெரிகிறதா என்று அதில் பார்க்க வேண்டும்.